மைனஸ் 30 டிகிரியில் பிக்கப் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்ன செய்வது?

கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் சஸ்காட்செவனிலும் மானிட்டோபாவிலும் ஜனவரி மாதத்து விடியற்காலையில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. சில ஆண்டுகளில் அது மைனஸ் 40-ஐயும் எட்டிவிடும். முந்தைய நாள் மாலைவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய பிக்கப் வண்டி, அந்தக் குளிரில் இரவு முழுவதும் வாசலில் நின்ற பிறகு, காலையில் சாவியைத் திருப்பியதும் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிடலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி ஓட்டிப் பழகி இங்கே வந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய சிக்கல். அங்கே கைகொடுத்த வழிகளுள் சில இங்கே பயன்படாது. நான்கு பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது அவற்றுள் ஒன்று. இங்கு ஓடும் பிக்கப்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர் கொண்டவை என்பதால், எவ்வளவு தூரம் தள்ளினாலும் இன்ஜின் சுற்றாது.

ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ, ராம் 1500 போன்ற பெட்ரோல் பிக்கப் ஒன்றை வைத்திருக்கும், மெக்கானிக் வேலை தெரியாத ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனிப்பகுதி பின்னால் வருகிறது. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளிர் தானாக எதையும் கெடுப்பது அரிது. ஏற்கெனவே பாதி பழுதாகி, மிதமான நாட்களில் சமாளித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைத்தான் அது வெளியே கொண்டுவருகிறது. எனவே அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதற்கு முன் சாவியை மீண்டும் மீண்டும் திருப்பிக்கொண்டிருப்பது, பேட்டரியில் மிச்சமிருக்கும் சக்தியைக் கரைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

குளிரில் நடப்பது என்ன

மூன்று சிக்கல்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கின்றன. பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், கோடையில் முழு வலிமையோடு இருந்த பேட்டரி மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதி வலிமையைத்தான் தரும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகிவிடுவதால், இன்ஜினைச் சுற்றுவதற்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிக விசை தேவைப்படுகிறது. மூன்றாவதாக, பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பெட்ரோல் எரியாது.

வானிலை அறிக்கையில் வரும் காற்றுக்குளிர் அளவைக் கண்டு புதியவர்கள் பலர் குழம்புகிறார்கள். வெப்பநிலை மைனஸ் 25 என்றும், காற்றோடு சேர்த்து மைனஸ் 38 போல உணரப்படும் என்றும் அறிவித்தால், அந்த இரண்டாவது எண் நம் தோலுக்கானது. வண்டியின் இரும்பு மைனஸ் 25-க்குக் கீழே ஒருபோதும் போகாது. காற்று செய்வதெல்லாம் அந்த மைனஸ் 25-க்கு வண்டியை விரைவாகக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். ஆகவே காற்று படாத மறைவில் வண்டியை நிறுத்துவதற்குப் பயன் உண்டு, ஆனால் அது ஓரளவுதான்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

சாவியைத் திருப்பும் முன் ஹீட்டர் விசிறி, இருக்கைச் சூடு, கண்ணாடிச் சூடு, முகப்பு விளக்கு ஆகிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சார்ஜரில் செருகியிருக்கும் போனையும் டேஷ் கேமராவையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு சாவியை ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோகாமல் ஆன் நிலையில் மட்டும் வைத்து, டேஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியாக இருந்தால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இந்த நிலை கிடைக்கும். இரண்டு மூன்று விநாடி பொறுத்தால், பெட்ரோல் டேங்கின் பக்கமிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டு அடங்கும். டேங்குக்குள் இருக்கும் பம்பு அழுத்தம் ஏற்றும் ஒலி அது. அதன் பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு முயற்சி 10 விநாடிக்கு மேல் நீளக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் ஒன்று அல்லது இரண்டு நிமிடமாவது இடைவெளி கொடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் வெகு விரைவில் சூடேறிக் கருகக்கூடியது, வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும்.

அந்த ஒரு முயற்சியில் கேட்கும் ஒலியே பாதி விடையைச் சொல்லிவிடும். டேஷ்போர்டு விளக்குகளே எரியாமல் எந்த ஒலியும் இல்லையென்றால், பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது அல்லது கேபிள் மாட்டும் அதன் முனை, அதாவது டெர்மினல், கழன்றிருக்கிறது. ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தொடர் ஒலி கேட்டு விளக்குகளும் துடித்தால், பேட்டரியில் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டை இழுக்கும் அளவுக்குச் சக்தி இருக்கிறது, ஆனால் இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு இல்லை என்று பொருள். விளக்குகள் மங்காமல் நிற்க, ‘டொக்’ என்று ஒரே ஒரு கனத்த ஒலி மட்டும் வந்தால், ஸ்டார்ட்டரின் மீதோ அதற்குச் செல்லும் கேபிளின் மீதோ ஐயம் கொள்ள வேண்டும். செல்ஃப் எடுக்கிறது, ஆனால் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரி, டெர்மினல், கெட்டியான ஆயில் ஆகிய மூன்றில் ஒன்றோ மூன்றுமோ காரணம். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருள், தீப்பொறி ஆகியவற்றின் பக்கம் போகலாம்.

விளக்குகள் நன்றாக எரிந்தும் சிறிய ஒலிகூட இல்லாத நிலை ஒன்று உண்டு. அப்போது பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு கியரை நியூட்ரலுக்கு மாற்றி முயன்று பாருங்கள். பார்க் நிலையை உணரும் சுவிட்ச் சில வண்டிகளில் சரியாகத் தொடாமல் போகும். ரிமோட் சாவி உள்ள வண்டிகளில் சாவிக்குள் இருக்கும் காசு வடிவப் பேட்டரி குளிரில் தளர்ந்துவிட்டால், சாவியைக் காணவில்லை என்று வண்டி அறிவிக்கும். அத்தகைய சாவியை வைப்பதற்கென்றே வண்டிக்குள் ஓரிடம் இருக்கும்; அது எங்கே என்பதை வண்டியின் கையேட்டில் இன்றைக்கே, வண்டி நன்றாக ஓடும்போதே, பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பேட்டரி

குளிர்காலக் காலைகளில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பேட்டரிதான் என்பதால், இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

பானெட்டைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் பக்கங்களைப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். ஆனால் சார்ஜ் முழுவதும் இறங்கிய பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான் என்பதால், அது மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்துபோகும். பக்கங்கள் புடைத்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, உள்ளே பனிக்கட்டி கண்ணுக்குப் பட்டாலோ அதற்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் சார்ஜ் ஏற்றவோ, இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்து ஜம்ப் கொடுக்கவோ கூடாது. உறைந்த பேட்டரி வெடிக்கும். வெடித்தால் அமிலம் முகத்தில் தெறிக்கும். நான் இந்தக் கட்டுரையில் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து டெர்மினல்கள். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருந்தால், அந்தப் பூப்பு மின்சாரத்தை மறித்துக்கொண்டிருக்கிறது. கோடையில் அந்தத் தடையை மீறிக்கொண்டு ஸ்டார்ட் ஆன வண்டி, இப்போது ஆகாது. டெர்மினலைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் ஸ்பானரால் இறுக்குங்கள், பல பிக்கப்களுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். கழற்றிச் சுத்தம் செய்வதென்றால் கறுப்பு நிற நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கம்பி பிரஷ்ஷால் துலக்கினால், ஈயத்தின் பளபளப்புத் தெரியும். ஆனால் மைனஸ் 30-ல் அந்தத் தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே உறையும் என்பதால், வெட்டவெளியில் நிற்கும்போது கம்பி பிரஷ்ஷை மட்டும் பயன்படுத்துங்கள்.

20 டாலர் அளவில் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் வையுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. கடுங்குளிரில் இந்த எண்கள் சிறிது குறைவாகவே காட்டும். ஆனால் இந்த எண் பாதிக் கதைதான். மீட்டர் முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லித் திரையைப் பாருங்கள். இலக்கங்கள் 12.5-இலிருந்து 10 அளவுக்கு விழுந்து, இன்ஜின் சுற்றச் சுற்ற அங்கேயே நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. மிதமான நாட்களில் 9.6 என்பது கீழ் எல்லை. கடுங்குளிரில் அதற்குச் சற்றுக் கீழே போகலாம். நின்றபோது 12.6 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் 8, 7 என்று சரிந்துகொண்டே போகும் பேட்டரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அதற்கு எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் அடுத்த குளிர் காலையில் மீண்டும் கைவிடும்.

டெர்மினல் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று அறியவும் இதே மீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழின் மீதும், மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மீதும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றையொன்று முழுமையாகத் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். கால் வோல்ட், அரை வோல்ட் என்று ஏறினால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் அந்த ஒட்டிலேயே மின்சாரம் தேங்குகிறது. புதிய பேட்டரிக்குச் செலவழிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஜம்ப் கொடுக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதை மாற்றக் கூடாது. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டும் பார்க் நிலையில், இன்ஜின் அணைந்து இருக்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறு முனையை உதவ வந்த வண்டியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை உதவ வந்த வண்டியின் நெகட்டிவில் மாட்டி, அதன் கடைசி முனையை நம் வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், பேட்டரிக்குத் தள்ளியிருக்கும் பெயின்ட் அடிக்காத இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும், பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதே காரணம். பிறகு உதவ வந்த வண்டியை ஸ்டார்ட் செய்து 5 முதல் 10 நிமிடம்வரை ஓடவிடுங்கள். கேபிளை மாட்டியவுடனே சாவியைத் திருப்புவதுதான் பலரும் செய்வது. மைனஸ் 30-ல் உங்கள் பேட்டரிக்கு அந்தச் சில நிமிடங்கள் தேவை. ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். பிக்கப் இன்ஜின் பெரியது என்பதால், மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கேபிள்கள் போதாது. 4 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த கேபிளை வாங்குங்கள். கையடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் அதை வண்டியிலேயே விட்டுவிடாமல் இரவில் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் குளிரில் உறங்கிவிடும்.

புதிய பேட்டரி வாங்க நேர்ந்தால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ் அளவைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், 30 விநாடி தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவு அது. வண்டிக் கையேடு சொல்லும் எண்ணுக்குக் குறையாமல், பேட்டரி தட்டில் சரியாக உட்காரும் அளவில் கிடைத்தால் அதற்கு மேலாகவே வாங்குங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால்

பெட்ரோல் வாடை மூக்கில் ஏறுகிறதா என்று கவனியுங்கள். வாடை பலமாக அடித்தால், முயன்று முயன்று இன்ஜினுக்குள் பெட்ரோல் தேங்கி ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிட்டன என்று கொள்ளலாம். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு, 5 முதல் 10 விநாடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளின் கணினி இதைப் புரிந்துகொண்டு பெட்ரோலை நிறுத்திவிட்டு, காற்றை மட்டும் உள்ளே விட்டு உலர்த்தும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும்.

வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்பின் ரீங்காரம் கேட்டதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் பியூஸையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். கேட்டது என்றால் சாவியை ஆன் நிலையில் மூன்று விநாடி வைத்து அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் அழுத்தம் ஏற இது உதவும். பெட்ரோல் இந்தக் குளிரில் உறைவதில்லை, ஆனால் டேங்கின் வெற்றிடத்தில் குளிர்ந்து படிந்த நீர் உறைந்து குழாயை அடைக்கலாம். அதனால்தான் குளிர்காலத்தில் டேங்கைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால், வண்டியைச் சூடான கராஜுக்கு இழுத்துச் செல்வதைத் தவிர வேறு விரைவான வழி இல்லை. கோடையில் நிரப்பி மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு: குளிர்காலத்துக்கென்று விற்கப்படும் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்படுகிறது, கோடைப் பெட்ரோல் அப்படியல்ல.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. பனிப்புயலில் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்திருந்தால், தூள் பனி உள்ளே இழுக்கப்பட்டு, ஃபில்டரில் படிந்து, இரவில் பலகை போல இறுகியிருக்கக்கூடும்.

200 டாலருக்குள் கிடைக்கும், வண்டியின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. கருவி இருந்தால், குளிரில் நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு எண்களைப் படியுங்கள்: இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை. இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே மைனஸ் 28 இருக்கும்போது கூலன்ட் மட்டும் 60 டிகிரி என்று காட்டினால், அந்த சென்சார் கணினியை ஏமாற்றுகிறது. இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பி, கணினி குறைவான பெட்ரோலைத்தான் தரும். பி0117, பி0118 என்ற குறியீடுகள் இந்தச் சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பவை. இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை (அது பின்னால் வருகிறது) இரவில் செருகியிருந்தால் கூலன்ட் இயல்பாகவே சூடாக இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்குகளைப் பார்க்க வேண்டும். அதை வாசலில் நின்று செய்ய வேண்டாம்.

பிடித்துவிட்டு இரண்டே விநாடியில் நின்றுபோனால், டேஷ்போர்டில் பூட்டு அல்லது சாவி வடிவ விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். சாவியின் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்பதற்கு அது அறிகுறி. மாற்றுச் சாவியால் முயலுங்கள். புகைக்குழாயின் வாய் பனியில் புதைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பின்னால் சென்று பார்த்துவிடுங்கள்.

டீசல் பிக்கப்

டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது திரண்டு, ஃபில்டரை அடைத்துவிடும். இங்குள்ள பெட்ரோல் நிலையங்கள் பருவத்துக்கேற்ற டீசலையே விற்கின்றன; அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிரப்பிக்கொண்டு வடக்கே வந்தவர்களும், இலையுதிர்காலத்தில் நிரப்பிய டேங்கோடு ஜனவரியை எதிர்கொள்பவர்களும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். மெழுகு திரளாமல் தடுக்கும் திரவத்தைத் திரள்வதற்கு முன்பே ஊற்ற வேண்டும். திரண்ட பின் ஊற்றுவதற்கென்று வேறு திரவம் விற்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டீசலில் பெட்ரோலைக் கலக்கச் சொல்லும் பழைய யோசனை இன்றைய உயர் அழுத்தப் பம்புகளை நாசமாக்கும்.

ஃபோர்டு பவர் ஸ்ட்ரோக், ஜி.எம். டியூராமேக்ஸ் இன்ஜின்களில் எரியறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் (குளோ பிளக்) உண்டு. 2025 மாடலுக்கு முந்தைய ராம் வண்டிகளின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் மின்கம்பி உண்டு. எதுவாக இருந்தாலும் டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடுங்குளிரில் விளக்கு அணைந்ததும் சாவியை அணைத்து, மீண்டும் ஒருமுறை காத்திருப்பது நல்ல பழக்கம். இத்தகைய இன்ஜினுக்குள் ஈதர் ஸ்பிரே அடிப்பது மிகவும் ஆபத்தானது: சூடான பிளக்கிலோ கம்பியிலோ பட்டுக் கண்ட இடத்தில் வெடித்து, இன்ஜினைச் சிதைத்துவிடும்.

கனரக டீசல் பிக்கப்களில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இணையாக மாட்டப்பட்டிருக்கும். ஒன்று செத்தால் அது மற்றொன்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதால், இணைப்பைப் பிரித்துத் தனித்தனியாகச் சோதித்து, மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புகை சுத்திகரிப்புக்கு ஊற்றும் டி.இ.எஃப். திரவம் மைனஸ் 11 டிகிரியிலேயே உறையும்; அதைக் கண்டு பதற வேண்டாம். அதன் தொட்டிக்கு ஹீட்டர் இருக்கிறது, அது உறைவதால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதில்லை.

பிளாக் ஹீட்டர்

இங்கே வண்டிகளின் முகப்புக் கிரில்லிலிருந்து மூன்று முள் பிளக் ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினுக்குள் கூலன்ட் ஓடும் அறையில் பொருத்திய ஒரு மின் சூடேற்றியின் வயர் அது. 120 வோல்ட்டில் இயங்கும் இது, வண்டிக்கேற்ப 400 வாட்டிலிருந்து 1,500 வாட்வரை இழுக்கும். மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போகும் எந்த இரவிலும் இதைச் செருகுவதே என் பரிந்துரை. இரவு முழுவதும் ஓட வேண்டியதில்லை. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு இயங்கத் தொடங்கும்படி, வெளிப்புறப் பயன்பாட்டுக்கான டைமர் ஒன்றை வைத்தால் போதும். 2024 ஜனவரி 13 அன்று ஆல்பர்ட்டாவில் கடுங்குளிரால் மின்தேவை எல்லையை நெருங்கிவிட, மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்துமாறு எல்லோருடைய கைப்பேசிக்கும் அவசர அறிவிப்பு வந்தது; அத்தகைய மாலைகளிலும் டைமர் வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை, ஏனென்றால் அவரது ஹீட்டர் விடியற்காலையில்தான் மின்சாரம் எடுக்கும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரைப் பகுதியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பழைய வண்டியை வாங்கியிருந்தால், அதில் ஹீட்டர் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ஹீட்டர் இருந்தும் வயர் மாட்டப்படாத வண்டிகள் உண்டு. வயர் தொங்கியும் ஹீட்டர் கருகிப்போன வண்டிகளும் உண்டு. மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பிளக்கின் இரண்டு தட்டை முள்களுக்கு இடையே அளந்தால், 400 வாட் ஹீட்டருக்கு 36 ஓம் அளவிலும், 1,000 வாட் ஹீட்டருக்கு 14 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் வயரோ ஹீட்டரோ அறுந்திருக்கிறது. சில வண்டிகளின் வயரில் குளிர் வந்தால் மட்டுமே இணையும் தெர்மோஸ்டாட் இருக்கும் என்பதால், இந்தச் சோதனையைக் கோடையில் செய்து ஏமாற வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயர் வெளிப்புறத்துக்கானதாகவும் 14 கேஜ் அல்லது அதைவிடத் தடித்ததாகவும் இருக்கட்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய வயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

இந்த ஹீட்டர் பேட்டரியைச் சூடாக்காது. கராஜ் இல்லாதவர்கள் பேட்டரிக்கென்று தனிச் சூடேற்றிப் போர்வையோ, மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சிறு சார்ஜரோ பொருத்திக்கொள்ளலாம். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, கையேடு அனுமதித்தால், 5டபிள்யூ (5W) ஆயிலுக்குப் பதில், குளிரில் இன்னும் இளகலாக ஓடும் 0டபிள்யூ (0W) சின்தடிக் ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். முன்னது மைனஸ் 30-லும் பின்னது மைனஸ் 35-லும் இன்ஜினைச் சுற்றவிடுமா என்று சோதிக்கப்படுபவை. கூலன்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி அளவுவரை தாங்கும். யாரோ வெறும் தண்ணீரை ஊற்றி நீர்த்துப்போகச் செய்திருந்தால், அது உறைந்து இன்ஜினிலேயே விரிசல் விழுந்துவிடும்.

ஸ்டார்ட் ஆன பிறகு

உடனே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள். ஆயில் மேலே ஏற நேரம் வேண்டும். சில நிமிடம் நின்றபடி ஓடிய பின் மெதுவாகக் கிளம்புங்கள். கராஜின் கதவு திறந்திருந்தாலும் உள்ளே வண்டியை ஓடவிட்டுக் குளிர் காயக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மீட்டரை மீண்டும் பேட்டரியில் வைத்தால் 13.7-லிருந்து 14.7 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், கடுங்குளிரில் சற்று மேலேயும் போகலாம். 13-க்குக் கீழே இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, வண்டியை அணைக்காமல் நேராகப் பட்டறைக்கு ஓட்டுங்கள். எண் சரியாக இருந்தால், அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். பத்து நிமிடத் தொலைவில் உள்ள கடைக்குப் போய் வருவது, ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜைக்கூடத் திருப்பித் தராது.

மூன்று நான்கு முறை முயன்றும் கிளம்பவில்லை, கைவிரல்களும் மரத்துவிட்டன என்றால் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். வாகன ஓட்டிகளின் சங்கங்களான ஆல்பர்ட்டாவின் ஏ.எம்.ஏ., மற்ற மாகாணங்களின் சி.ஏ.ஏ. கிளைகள் உறுப்பினர்களுக்கு ஜம்ப் கொடுக்கவும் வண்டியை இழுத்துச் செல்லவும் ஆள் அனுப்புகின்றன. கடுங்குளிர் நாட்களில் பல மணி நேரம் காத்திருக்க நேரும் என்பதால் உறுப்பினராவதை நவம்பருக்கு முன்பே முடித்துவிடுங்கள். பட்டறையில் ஒப்படைக்கும்போது ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், என்ன ஒலி கேட்டது, விளக்குகள் மங்கினவா, மீட்டர் ஸ்டார்ட்டுக்கு முன்னும் ஸ்டார்ட்டின் போதும் என்ன காட்டியது, பெட்ரோல் வாடை இருந்ததா, ஹீட்டர் செருகியிருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள். பட்டறையின் வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டி பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். அப்போது மெக்கானிக்குக் கையில் இருக்கும் ஒரே தடயம் அந்தத் தாள்தான்.